ஃபெரோஸ் காந்தி: மாமனார் ஆட்சியைக் கேள்வி கேட்ட ரேபரேலி எம்.பி.

நீங்கள் கேட்டது இது: "ஃபெரோஸ் காந்தி என்று தேடினால் இந்திராவின் கணவர், ராஜீவின் அப்பா என்றுதான் வருகிறது. அவர் எம்.பி.யாகவும் இருந்தாராமே. அந்த வேலையில் உருப்படியாக ஏதாவது செய்தாரா, இல்லை நேரு வீட்டு மாப்பிள்ளை என்பதற்காகக் கிடைத்த நாற்காலியா?"

நாற்காலி கிடைத்ததில் அந்த உறவுக்குப் பங்கு உண்டு. ஆனால் அதில் உட்கார்ந்து அவர் செய்த வேலை, அந்த உறவு இருப்பவர்கள் யாரும் செய்யத் துணியாதது. 1955 டிசம்பரில் மக்களவையில் எழுந்து முதல் முறையாகப் பெரிதாகப் பேசினார். 1960 செப்டம்பரில் இறந்துவிட்டார். இடைப்பட்ட ஐந்து வருடத்துக்கும் குறைவான காலத்தில் நாட்டின் முன்னணித் தொழிலதிபர் ஒருவர் சிறைக்குப் போகக் காரணமானார், மத்திய நிதியமைச்சர் ஒருவர் பதவி விலக வேண்டி வந்தது, பத்திரிகைகளுக்குப் பாதுகாப்பாக ஒரு சட்டம் வந்தது. மூன்றும் ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்தபடி செய்தவை. பிரதமர் அவருடைய மாமனார்.

முதலில் அந்தப் பெயர் விவகாரத்தை முடித்துவிடலாம், இல்லாவிட்டால் பின்னூட்டம் முழுக்க அதுவே ஓடும். அவர் முஸ்லிம், உண்மைப் பெயர் 'ஃபெரோஸ் கான்' என்று வாட்ஸப்பில் சுற்றும் கதை பொய். அவர் பார்சி. 1912 செப்டம்பர் 12 அன்று பம்பாயில் பிறந்தவர். குடும்பத்தின் பூர்வீகம் குஜராத்தின் பரூச். அப்பா ஜஹாங்கீர் கப்பல் பொறியாளர். காந்தி என்பது அவர்களுடைய குடும்பப் பெயரேதான். ஆங்கிலத்தில் கொஞ்சம் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருந்தார்கள், சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிய பிறகு மகாத்மாவின் பெயரைப் போல மாற்றிக்கொண்டார். மகாத்மா அவரைத் தத்தெடுக்கவும் இல்லை, பெயரைத் தானமாகக் கொடுக்கவும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அப்பா இறந்த பிறகு அலகாபாத்தில் அத்தை வீட்டில் வளர்ந்தார். அத்தை அங்கே லேடி டஃபரின் மருத்துவமனையில் அறுவை மருத்துவர். 1930இல் ஃபெரோஸ் படித்த யூயிங் கிறிஸ்தவக் கல்லூரி வாசலில் இந்திராவின் அம்மா கமலா நேரு மறியல் செய்தார். வெயிலில் மயங்கி விழுந்தவரை ஓடிப்போய்த் தாங்கிய மாணவர்களில் இவர் ஒருவர். அதோடு படிப்பை விட்டுக் காங்கிரசில் சேர்ந்துவிட்டார். ஃபைசாபாத் சிறையில் லால் பகதூர் சாஸ்திரியோடு இருந்திருக்கிறார். கமலாவின் காசநோய்க் காலத்தில் கூடவே நின்றவர். பிறகு லண்டனில் படிப்பு, 1942 மார்ச்சில் இந்திராவோடு திருமணம். நேருவுக்கு அதில் முழு மனமில்லை. மதம் வேறு என்று ஊரெல்லாம் எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தபோது காந்தியடிகள்தான் 'ஹரிஜன்' இதழில் எழுதி ஆதரித்தார். அந்த ஆண்டே 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் கணவன் மனைவி இருவரும் நைனி சிறை.

1940களின் பின்பாதியில் லக்னோவில் 'நேஷனல் ஹெரால்டு' பத்திரிகையின் நிர்வாகம். அப்புறம் ராம்நாத் கோயங்காவின் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நிர்வாகத்தில் வேலை. நம் 'தினமணி'யை நடத்திய அதே கோயங்காதான். எழுதுகிற பத்திரிகைக்காரராக இல்லாமல் கணக்கு, காகிதம், விளம்பரம், அச்சு இயந்திரம் என்று பத்திரிகையின் வரவு செலவைப் பார்த்தவர் ஃபெரோஸ். ஒரு நிறுவனத்தின் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து எங்கே கோளாறு என்று சொல்லத் தெரிந்த அரசியல்வாதிகள் அன்றும் குறைவு, இன்றும் குறைவு. பின்னால் அவர் கையில் எடுத்த வழக்குகளையெல்லாம் பார்த்தால் இந்த அனுபவம் எங்கே உதவியது என்று தெரியும்.

1950 முதல் 52 வரை தற்காலிக நாடாளுமன்றத்தில் உறுப்பினர். 1952இன் முதல் பொதுத்தேர்தலில் ரேபரேலி பகுதியில் நின்று ஜெயித்தார். 1957இல் ரேபரேலியில் மறுபடியும் வெற்றி. இன்று 'குடும்பத் தொகுதி' என்று சொல்கிறோமே, அதைத் தொடங்கி வைத்தவர் இவர்தான். இந்திரா அங்கே வேட்பாளராக வந்தது 1967இல்.

முதல் மூன்று, நான்கு வருடம் சபையில் ஃபெரோஸ் பெரிதாக வாய் திறக்கவில்லை. ஆனால் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அவர் உட்காரும் மூலையில் எப்போதும் கூட்டம் இருக்கும். 'ஃபெரோஸ் மூலை' என்றே அதற்குப் பெயர். எம்.பி.க்கள், நிருபர்கள், அதிகாரிகள் எல்லோரும் அங்கே வந்து பேசுவார்கள். சும்மா அரட்டை என்று நினைத்தவர்கள் உண்டு. அங்கே சேர்ந்த தகவல்களுக்கு என்ன மதிப்பு என்பது 1955 கடைசியில் தெரிந்தது.

அந்த டிசம்பரில் காப்பீட்டுச் சட்டத் திருத்த மசோதா விவாதத்துக்கு வந்தது. ஃபெரோஸ் எழுந்து நீண்ட நேரம் பேசினார். குறி ராமகிருஷ்ண டால்மியா. டாட்டா, பிர்லாவுக்கு அடுத்தபடியாகப் பேசப்பட்ட பெரும் முதலாளி, 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வை வெள்ளைக்காரர்களிடமிருந்து வாங்கியவர். அவர் கையில் பாரத் இன்ஷூரன்ஸ் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் இருந்தது. ஆயுள் காப்பீட்டில் பணம் வருவது இன்று, திருப்பிக் கொடுப்பது இருபது, முப்பது வருடம் கழித்து. நடுவில் அந்தப் பணம் யாருடையது? பாலிசிதாரர்களுடையது. டால்மியாவின் ஆட்கள் அதை எடுத்துப் பங்குச் சந்தைச் சூதாட்டத்தில் வந்த நஷ்டத்தை அடைத்தார்கள். அரசுப் பத்திரங்கள் வாங்கியதாகக் கணக்கில் எழுதிவிட்டார்கள். பத்திரங்கள் வாங்கப்படவே இல்லை. எந்தப் பணம் எந்த வழியாக எங்கே போனது என்று ஃபெரோஸ் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

டால்மியா மீது வழக்கு நடந்து இரண்டாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. 1962இல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன வழக்கு அது.

அந்தப் பேச்சுக்கு ஆறு வாரம் கழித்து, 1956 ஜனவரி 19 அன்று அரசு அவசரச் சட்டம் போட்டு ஆயுள் காப்பீட்டுத் தொழிலைக் கையில் எடுத்தது. 154 இந்திய நிறுவனங்கள், 16 வெளிநாட்டு நிறுவனங்கள், 75 சேம நிதிச் சங்கங்கள், மொத்தம் 245. செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. ஃபெரோஸ் பேசியதால்தான் தேசியமயம் வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது கொஞ்சம் மிகை. நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக்கின் அமைச்சகத்தில் அந்த யோசனை முன்பே இருந்தது. ஃபெரோஸ் செய்தது, எதிர்த்துப் பேச வழியில்லாமல் பண்ணியது. நம்ம ஊரில் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் குடும்பத்தின் யுனைட்டெட் இந்தியா நிறுவனமும் இந்த 245இல் போயிற்று. அவர்கள் மவுண்ட் ரோட்டில் கட்டத் தொடங்கிய உயரமான கட்டடத்தைத்தான் 1959இல் எல்.ஐ.சி. கட்டடமாகத் திறந்தார்கள்.

சரி, இங்கே பலர் கதையை முடித்துவிடுவார்கள்: தனியார் திருடினார்கள், அரசு எடுத்துக்கொண்டது, சுபம். ஃபெரோஸை நான் மதிப்பது இதற்கு அடுத்த கட்டத்துக்காக. தேசியமயம் வேண்டும் என்று கத்திய அதே ஆள், எல்.ஐ.சி. பிறந்து ஒன்றேகால் வருடத்தில், அந்த எல்.ஐ.சி.யையே கூண்டில் ஏற்றினார்.

ஹரிதாஸ் முந்த்ரா கல்கத்தாவைச் சேர்ந்தவர். கம்பெனிகளை வாங்கிச் சேர்ப்பதும் பங்கு விலையை ஆட்டி வைப்பதும்தான் தொழில். 1957 நடுவில் அவர் கழுத்துவரை கடனில் இருந்தார். அந்த ஜூன் மாதம் எல்.ஐ.சி. அவருடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. ரிச்சர்ட்சன் அண்ட் க்ரட்டாஸ், ஜெசப், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன், ஆஸ்லர் லேம்ப்ஸ், ஏஞ்சலோ பிரதர்ஸ், ஸ்மித் ஸ்டானிஸ்ட்ரீட். சந்தையில் வாங்கவில்லை, முந்த்ராவிடமிருந்தே நேராக வாங்கினார்கள். சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். எல்.ஐ.சி.யில் முதலீடுகளைப் பார்க்கவென்றே ஒரு குழு இருந்தது. அதைக் கேட்கவே இல்லை. கிராமத்தில் ஆசிரியரும் குமாஸ்தாவும் மாதாமாதம் கட்டிய பிரீமியம் ஒரு சூதாடியின் கடனை அடைக்கப் போயிற்று. டால்மியா செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே முதலாளி எடுத்தார், இங்கே அரசு அதிகாரிகள் எடுத்துக் கொடுத்தார்கள்.

முதலில் ராம் சுபக் சிங் போன்ற உறுப்பினர்கள் சபையில் கேள்வி கேட்டார்கள். மழுப்பலான பதில்கள் வந்தன. 1957 டிசம்பர் 16 அன்று ஃபெரோஸ் விவாதத்தைத் தொடங்கினார். பேச்சின் தொடக்கமே பிரசித்தம்: இன்று இங்கே குறி பார்த்துச் சுடுதலும் பலமான அடியும் இருக்கும், நான் அடித்தால் ஓங்கி அடிப்பேன், திருப்பி அதைவிட ஓங்கி அடி விழும் என்றும் எதிர்பார்க்கிறேன், எதிர்ப்பக்கம் டி.என்.டி. வெடிமருந்து ஏராளமாக இருப்பதும் எனக்குத் தெரியும் என்றார். சபையில் எல்லோருக்கும் புரிந்தது. நிதியமைச்சர் பெயர் டி.டி.கே.

டி.டி. கிருஷ்ணமாச்சாரியைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சென்னையில் அவர் பெயரில் சாலையே இருக்கிறது, அவர் தொடங்கிய வணிகம் இன்னும் பல வீட்டுச் சமையலறையில் குக்கராக விசில் அடிக்கிறது. அரசியல் நிர்ணய சபையின் வரைவுக் குழு உறுப்பினர். கூர்மையான மூளை, அதைவிடக் கூர்மையான நாக்கு. சொத்து வரியும் செலவு வரியும் கொண்டுவந்து பணக்காரர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர். அவரை எதிர்த்து நிற்பது டால்மியாவை எதிர்ப்பதைவிடக் கஷ்டமான காரியம். ஃபெரோஸ் கையில் நிதியமைச்சருக்கும் அவருடைய செயலாளருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தே இருந்தது. அது எப்படிக் கிடைத்தது என்பதை அவர் சொல்லவில்லை. மைய மண்டபத்து மூலையில் யார் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

நேருவால் மறுக்க முடியவில்லை. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா ஒருநபர் ஆணையமாக நியமிக்கப்பட்டார். சாக்ளா விசாரணையை வெளிப்படையாக நடத்தினார். பம்பாயில் கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். நிதியமைச்சர், ரிசர்வ் வங்கி ஆளுநர், ஐ.சி.எஸ். என்ற அன்றைய உயர் பணி அதிகாரிகள் எல்லோரும் சாட்சிக் கூண்டுக்கு வந்தார்கள். கல்கத்தா பங்குச் சந்தை சரிந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கவே வாங்கினோம் என்று அதிகாரிகள் சொன்ன காரணத்தை சாக்ளா ஏற்கவில்லை. நிதிச் செயலாளர் எச்.எம். படேல், அமைச்சருக்குத் தெரிந்துதான் செய்தேன் என்றார். அமைச்சர், நான் ஒப்புதல் தரவில்லை என்றார். சாக்ளா சொன்ன தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: செயலாளர் செய்ததற்கு அமைச்சர்தான் பொறுப்பு, கீழே இருப்பவரைக் காட்டித் தப்பிக்க முடியாது. 1958 பிப்ரவரி 10 அன்று அறிக்கை வந்தது. அந்த மாதமே டி.டி.கே. விலகினார். பட்ஜெட் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வருடம் நேருவே நிதியமைச்சராக நின்று அதை வாசித்தார்.

டி.டி.கே. தனக்காக ஒரு காசு எடுத்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. சாக்ளாவின் தீர்ப்பும் அதைச் சொல்லவில்லை. நேருவுக்கு அவரை விட மனமே இல்லை. 1962இல் மந்திரிசபைக்குத் திரும்பக் கூப்பிட்டார், 1963இல் மறுபடி நிதியமைச்சர் ஆக்கினார். சிறு சேமிப்பாளர்களின் பணத்தைப் பங்குகளில் போடும் யூனிட் டிரஸ்ட் அந்த இரண்டாம் முறையில்தான் வந்தது. இன்னொரு வேடிக்கை: விசாரணையெல்லாம் சந்தித்துப் பதவியிலிருந்து போன எச்.எம். படேல், 1977இல் ஜனதா ஆட்சியில் நாட்டின் நிதியமைச்சர் ஆனார். முந்த்ரா சிறைக்குப் போனார்.

இந்த விவகாரத்தில் ஆள் போனதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பொதுத்துறை நிறுவனங்களுக்குத் தன்னாட்சி இருக்கிறதே, அவற்றின் கணக்கை நாடாளுமன்றம் கிளறலாமா என்ற கேள்வி அன்றைக்குப் புதிது. கிளறலாம், கிளற வேண்டும் என்பது ஃபெரோஸின் வாதம். சாக்ளாவும், அரசு இந்த நிறுவனங்களின் உள்வேலையில் தலையிடக் கூடாது, ஏதாவது உத்தரவு தருவதாக இருந்தால் எழுத்தில் தர வேண்டும் என்று பரிந்துரைத்தார். தொலைபேசியில் சொல்லிவிட்டுப் பின்னால் 'நான் எப்போது சொன்னேன்?' என்று கேட்கும் வழக்கத்துக்கு அதுதான் மருந்து. 1964இல் பொதுத்துறை நிறுவனங்களுக்கென்று நாடாளுமன்றத்தில் தனிக் குழு வந்ததற்குப் பின்னால் இந்த விவாதங்கள் இருக்கின்றன.

நடுவில் விட்டுப்போன அந்தப் பத்திரிகைச் சட்டத்துக்கு வருகிறேன். ஒரு எம்.பி. சபைக்குள் பேசியதற்காக அவர்மேல் வழக்குப் போட முடியாது. அரசியல் சாசனத்தின் 105ஆம் பிரிவு அவரைக் காக்கிறது. ஆனால் அதே பேச்சை மறுநாள் செய்தியாகப் போட்ட பத்திரிகை? அதன்மேல் அவதூறு வழக்குப் போடலாம். டால்மியா மாதிரி ஆட்களைப் பற்றிச் சபையில் என்ன பேசினாலும், வழக்குக்குப் பயந்து பத்திரிகைகள் போடாவிட்டால் அந்தப் பேச்சு நாலு சுவருக்குள் முடிந்தது. பத்திரிகை நிர்வாகத்தில் வக்கீல் நோட்டீஸ்களைப் பார்த்தவருக்கு இது புத்தகத்தில் படித்த பிரச்சினை இல்லை. தனிநபர் மசோதா (அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) ஒன்றைக் கொண்டுவந்தார்: நாடாளுமன்ற நடவடிக்கையைப் பெருமளவு உண்மையாக வெளியிட்டால், கெட்ட எண்ணம் நிரூபிக்கப்பட்டால் தவிர, வழக்குக் கிடையாது. 1956இல் அது சட்டமானது. சுதந்திர இந்தியாவில் இதுவரை நிறைவேறிய தனிநபர் மசோதாக்கள் 14தான், கடைசியானது 1970இல். அந்தப் பதினான்கில் இது ஒன்று.

இந்தச் சட்டத்தின் பிற்காலக் கதை சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டார்கள். 1975 ஜூனில் நெருக்கடி நிலை. டிசம்பரில் இந்திரா காந்தியின் அரசு அவசரச் சட்டம் போட்டு அதை ரத்து செய்தது. கணவர் கொண்டுவந்த சட்டத்தை மனைவி எடுத்தார். 1977இல் வந்த ஜனதா அரசு திரும்பக் கொண்டுவந்தது. 44ஆம் திருத்தம் அதை 361ஏ பிரிவாகச் சாசனத்துக்குள்ளேயே வைத்துவிட்டது. இன்றைக்கு ஒரு தொலைக்காட்சி சபைப் பேச்சைப் பயமில்லாமல் ஒளிபரப்ப முடிவது அதனால்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டாட்டாவின் டெல்கோ ரயில் இன்ஜினுக்கு ஜப்பான் விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வாங்குகிறது, அதைத் தேசியமயமாக்குங்கள் என்றார். டாட்டாக்கள் பார்சிகள், இவரும் பார்சி. சமூகத்தில் சலசலப்பு எழுந்தது. 1959இல் கேரளாவின் நம்பூதிரிபாடு கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கலைக்க வேண்டும் என்று காங்கிரஸ் துடித்தபோது அதை எதிர்த்தார். அப்போது காங்கிரஸ் தலைவர் யார்? இந்திரா. வீட்டுக்குள் என்ன நடந்தது என்று ஏகப்பட்ட கிசுகிசுக்கள் உண்டு, அதற்குள் நான் போகவில்லை. வெளியே தெரிந்தது: இந்திராவும் குழந்தைகளும் பிரதமரின் தீன்மூர்த்தி இல்லத்தில், ஃபெரோஸ் எம்.பி.க்கான அரசு வீட்டில்.

அவரிடம் எனக்குக் குறையும் உண்டு. எல்லா நோய்க்கும் தேசியமயம் என்ற ஒரே மருந்தை நம்பியது அந்தக் காலத்து இடதுசாரிக் காங்கிரஸ்காரர்களின் பழக்கம். இவரும் அதில் சேர்த்திதான். எல்.ஐ.சி. விவகாரத்துக்குப் பிறகும் அந்த நம்பிக்கை அவருக்குத் தளரவில்லை. மாமனார் அரசை இவ்வளவு அடிக்க முடிந்ததில் மாப்பிள்ளை என்ற கவசமும் கொஞ்சம் உதவியிருக்கும்; வேறொரு பின்வரிசை எம்.பி. இப்படிச் செய்திருந்தால் அடுத்த தேர்தலில் சீட்டு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் அந்தக் கவசம் இருந்தவர்கள் வேறு யாரும் அதை இப்படிப் பயன்படுத்தவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அமைச்சர் பதவி எதிலும் அவர் கடைசிவரை உட்காரவில்லை.

1958இல் முதல் மாரடைப்பு. தேறினார், காஷ்மீரில் குடும்பத்தோடு ஓய்வு எடுத்தார். 1960 செப்டம்பர் 8 அன்று தில்லி வில்லிங்டன் மருத்துவமனையில் இரண்டாவது மாரடைப்பில் இறந்தார். நாற்பத்தெட்டாவது பிறந்தநாளுக்கு நான்கு நாள் இருந்தது. அஞ்சலிக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து நேருவே ஆச்சரியப்பட்டாராம். அஸ்தியில் ஒரு பகுதி அலகாபாத் பார்சி கல்லறையில் இருக்கிறது. ரேபரேலியில் அவர் பெயரில் கல்லூரி உண்டு, ஊஞ்சாஹாரில் என்.டி.பி.சி.யின் அனல் மின் நிலையமும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

நேரடியாகப் படித்துப் பார்க்க ஆசையிருந்தால், பழைய மக்களவை விவாதங்களை நாடாளுமன்ற மின்னூலகத்தில் ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். 1957 டிசம்பர் 16ஆம் தேதியைத் தேடுங்கள். ஃபெரோஸின் பேச்சோடு நிறுத்தாமல் டி.டி.கே. கொடுத்த பதிலையும் படியுங்கள். வக்கீல் வாதம் மாதிரி நன்றாகவே பேசியிருக்கிறார் மனிதர். ஆதாரம் மட்டும் எதிராளியின் கையில் இருந்தது.